சிற்றூர் வைத்தியசாலையும் சிறுநீர்ப் பரிசோதனையும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபொழுது, யான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு அவர்களுள் ஒருவர் சற்றே முகஞ் சுளித்தார். சைவமும் தமிழும் கல்வியும் பேசப்படும் ஏட்டிலே சலத்தைப் பற்றி எழுதுவது முறையோ என்பது அவர் ஐயம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியசாலை ஆய்வுகூடங்களிலே ஊழியஞ் செய்து இளைப்பாறிய ஒருவனிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது? அன்றியும், நம் முன்னோர் இப்பொருளைக் கூறக் கூசியவர் அல்லர். சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வுகளுள் மூத்திரமும் ஒன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி விதிகளிலே, நோயாளியின் நீரை விடியற்காலையிற் கண்ணாடிக் கலத்தில் ஏற்று, ஒரு முகூர்த்த காலத்துக்குள் நோக்குதல் வேண்டும் எனக் கூறப்பட்டிருக்கின்றது. ஒரு முகூர்த்தமாவது மூன்றே முக்கால் நாழிகை. இக்காலக் கணக்கில் ஒன்றரை மணி நேரம். எண்ணெய்த் துளி பரவும் விதத்தைக் கொண்டு நோயை அறிவது பற்றி இங்கே வழக்காட வேண்டுவதில்லை. அந்தக் கால எல்லையை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. இக்கால நுண்ணுயிரியல் நூல்கள் இரண்டு மணி நேரம் என்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதன்று.

யான் வற்புறுத்த விரும்புவது இதுவே: சிற்றூர் வைத்தியசாலைகளிலே சிறுநீரிற் கிருமி உளதா எனக் காணும் வசதி அமைதல் வேண்டும், ஆனால் அதனை இயந்திரத்திலிருந்து தொடங்குதல் ஆகாது, போத்தலிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

இதனை யான் நூலிற் கற்றிலேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு வன்னிப் பகுதியிலே ஒரு சிறிய வைத்தியசாலைக்கு மாற்றம் பெற்றுச் சென்றேன். அங்கு ஒரு நுணுக்குக்காட்டியும் பழைய குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன. சிறுநீரிற் சீனியும் புரதமும் பார்ப்பதே வழக்கம். கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டுமாயின் போத்தலைப் பேருந்திலே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவர். இளமை முறுக்கிலே, இங்கேயே வளர்ப்பேன் என முன்வந்தேன். அடைகாக்கும் பெட்டி ஒன்று வந்தது; ஊடகப் பொடியும் வந்தது. மூன்று மாதத்துக்குள் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிலிருந்து வந்த போத்தல்களுட் பாதிக்கு மேற்பட்டவற்றிலே கிருமி பெருகக் கண்டு, மிக்க பெருமிதத்தோடு அறிக்கை எழுதினேன். மாதமொருமுறை வரும் வைத்தியர் ஒருவர் அவ்வறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் நோயோ, அல்லது உம்முடைய போத்தலுக்கு நோயோ?” என்றார்.

நோய் போத்தலுக்கே. தாய்மார் வீட்டிலே விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சலத்தை எடுத்து, கிடைத்த போத்தலில் அடைத்து, வெயிலிலே நடந்தும் சைக்கிளில் ஏறியும் ஒன்பது மணிக்குக் கிளினிக்கை அடைவர். மருத்துவமாது அவற்றை ஒரு கூடையிலே சேர்த்து யன்னலோரம் வைப்பார். சிற்றூழியர் தம் வேலை முடிந்து அவற்றை என்னிடம் கொணரும்போது பதினொரு மணி. இங்கே சிறிது கணக்குப் பார்த்தல் நன்று. சிறுநீர்க் கிருமிகளுள் முதன்மையானதாகிய ஈ. கோலை, ஏற்ற சூட்டிலே நல்ல ஊடகத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லது. சிறுநீரில் அவ்வேகம் குறையும் எனக் கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை என்றே வைப்போம். தோலிலிருந்து தவறி விழுந்த கிருமிகள் ஒரு மில்லிலீற்றரில் ஆயிரமாயின், ஏழு முறை இரட்டித்து மூன்றரை மணி நேரத்தில் 128,000 ஆகும். ஐந்தரைக்கு நலமாயிருந்த பெண் ஒன்பது மணிக்குப் போத்தலில் நோயாளியாகிவிடுகின்றாள்!

ஒரு மில்லிலீற்றரில் இலட்சம் என்ற எல்லையைப் பாஸ்ரன் நகரத்து வைத்தியர் எட்வர்ட் காஸ் 1956ஆம், 1957ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளால் நிலைநாட்டினார். தோலிலிருந்து கலந்த கிருமியையும் சிறுநீர்ப்பையிற் குடியிருக்கும் கிருமியையும் எண்ணிக்கையாற் பிரித்தறியலாம் என்பதே அவர் கண்ட வழி. சலக்கடுப்புள்ள இளம் பெண்களிடத்து அதனினும் குறைந்த எண்ணிக்கையும் நோயைக் குறிக்கலாம் எனப் பின்னர் அறியப்பட்டது. எவ்வாறாயினும், எண்ணிக்கையையே நம்பி நிற்கும் ஒரு பரிசோதனையில், போத்தலுக்குள்ளேயே எண்ணிக்கை மாறுமாயின் எஞ்சுவது என்ன?

இத்தவறு வெறும் ஏட்டுத் தவறன்று. நோயில்லாத பெண்கள் பலர் என் கையெழுத்தை நம்பி மருந்துண்டனர். அதனினுங் கொடியது வேறொன்று. நான்கு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் போத்தலிலே பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்தன. ‘கலப்பு வளர்ச்சி, மீண்டும் அனுப்புக’ என எழுதினேன். விதிப்படி அது சரியே. ஆனால் அவள் ஊர் பதினைந்து மைல் தொலைவு, கணவன் கூலிக்காரன். மீண்டும் வரவில்லை. மூன்று வாரஞ் சென்றபின் நடுக்கமும் காய்ச்சலும் விலாநோவுமாக வண்டியில் ஏற்றிக் கொணரப்பட்டாள். கிருமி சிறுநீரகத்தை எட்டியிருந்தது. தாய் பிழைத்தாள், கரு தங்கவில்லை. முதல் நாளிலே அவளுக்கு எவ்வாறு சலம் எடுப்பது என ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லியிருப்பின், அப்போத்தல் உண்மை கூறியிருக்கும் என இன்றும் எண்ணுகின்றேன்.

கருவுற்ற பெண்ணிடத்து யாதொரு குறியுமின்றிக் கிருமி சிறுநீரில் இருத்தல் கூடும். அதனை மருந்தாற் போக்காவிடின், அவர்களுள் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பேர் வரை சிறுநீரக அழற்சிக்கு ஆளாவர் எனப் பழைய ஆய்வுகள் கூறின. பிந்திய ஆய்வுகள் இத்தொகையை மிகக் குறைத்துக் கூறினும், கர்ப்பிணிகளைப் பார்த்தறியும் வழக்கம் கைவிடப்படவில்லை. இனி, எல்லார் சலத்தையும் வளர்த்துப் பார்ப்பது அறிவுடைமை ஆகாது. குறியொன்றும் இல்லாத முதியவர்களிடத்தும், நெடுநாளாகக் குழாய் இடப்பட்டவர்களிடத்தும் கிருமி காணப்படுவது இயல்பு. அதற்கு மருந்து கொடுப்பதாற் கிருமிக்குப் பயிற்சி கொடுத்தவராவோமேயன்றி நோயாளிக்கு நன்மை செய்தவராகோம். குழாயின் பையிற் சேர்ந்த நீரை அனுப்புவதோ அறவே ஆகாது.

எனவே யாம் மறுபடி தொடங்கினோம். ஆறு வாரம் ஒரு தட்டேனும் ஊற்றவில்லை. சலம் எடுக்கும் விதம் மட்டுமே வேலையாயிற்று: கழுவி, முதற் பாய்ச்சலை விட்டு, இடைப் பாய்ச்சலைக் கிருமி நீக்கிய போத்தலில் ஏற்றல். அதுவும் வீட்டிலன்று, கிளினிக்கிலேயே. அதற்குக் கதவும் கொளுக்கியும் நீரும் உள்ள ஒரு மறைவிடம் வேண்டும். ஆய்வுகூடம் அமைப்பதற்கு முதலிற் தேவைப்பட்டது ஒரு கதவுக் கொளுக்கி என்றால் நகைப்பீர்கள். எங்களுக்கு அதுவே உண்மை. தாய்மாருக்குரிய அறிவுரையை முதலில் யான் எழுதிய தமிழ் ஒருவருக்கும் விளங்கவில்லை. மருத்துவமாது அதனைத் தம் வாய்மொழியிலே திருத்தி எழுதினார், அது விளங்கிற்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த டொக்டர் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்ததன் அருமை அன்றுதான் எனக்கு நன்கு புலப்பட்டது.

அடுத்தது நேரம். எடுத்த நேரமும் வந்த நேரமும் போத்தலின்மேல் எழுதப்படல் வேண்டும். இரண்டு மணி நேரத்துள் தட்டில் இட இயலாதாயின் 4 பாகை செல்சியஸ் குளிரில் வைத்து ஒருநாளுக்குள் இடலாம். நேரம் எழுதாத போத்தலை ஏற்பதில்லை என்றோம். முதல் மாதம் விடுதித் தாதிமார் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டனர். நம் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த ஆசிரியர், அவதானத்தை எழுதுமுன் நேரத்தை எழுதாத மாணவனின் கொப்பியைத் திருப்பி எறிவது வழக்கம். அவர் எறிந்த கொப்பிகளுள் என்னுடையதும் பலமுறை இருந்தது. அக்கல்வி அங்கேதான் பயன்பட்டது.

வளர்ப்பதற்கு முன்னரே கண்ணாற் காணத்தக்கன பல உள. சோதனைக் கீலம் அவற்றுள் ஒன்று. அதன் நைத்திரைற்றுப் பகுதி, இங்கிலாந்திலே மதுவடிசாலையொன்றில் வேலைபார்த்த பீற்றர் கிறீஸ் என்னும் ஜெர்மானிய இரசாயனி 1879இல் வெளியிட்ட தாக்கத்தைக் கொண்டது. எல்லாக் கிருமியும் நைத்திரைற்றை ஆக்குவதில்லை; ஆக்குவனவும் சலம் பையிலே சில மணி நேரம் தங்கினாலன்றி ஆக்கா. ஆதலின் கீலம் இல்லை என்றால் நோய் இல்லை என்று கொள்ளற்க. புட்டியின் மூடியைத் திறந்து வைப்பின், காற்றுப்பட்டு அக்கீலம் பொய்யாக ஆம் என்றும் சொல்லும். இதனினும் யான் மதிப்பது கிறாமின் சாயமுறையை. டென்மார்க்கு நாட்டவராகிய கிறாம் 1884இல் வெளியிட்ட அம்முறைப்படி, சுழற்றாத சிறுநீரில் ஒரு துளியை உலர்த்திச் சாயமிட்டு, எண்ணெய் வில்லையின் கீழ் ஒவ்வொரு புலத்திலும் ஒரு கிருமியேனும் காணப்படின், அது ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றரில் இலட்சத்துக்குச் சமம். அரைமணி நேர வேலை. மின்சாரம் நின்றாலும், சூரிய ஒளியைக் கண்ணாடியால் வாங்கும் நுணுக்குக்காட்டி இருப்பின் நடக்கும். மேற்சொன்ன பெண்ணின் போத்தல் அவள் கிளினிக்கில் இருக்கும்போதே இவ்வாறு பார்க்கப்பட்டிருப்பின், அவள் ஊர் திரும்புமுன் மறு போத்தல் கேட்டிருக்கலாம்.

வளர்ப்பு முறை பற்றி அதிகம் விரிப்பதற்கில்லை. குருதி சேர்த்த ஊடகம் முதலியவற்றை நாடாது, சீ.எல்.ஈ.டி. எனப்படும் ஒரே ஊடகத்தைக் கொள்ளுதல் சிற்றூருக்குப் போதும். புரோற்றியசு என்னும் கிருமி தட்டு முழுதும் படர்வதை அது தடுக்கும். இலக்ரோசைப் புளிக்கச் செய்யும் கிருமியை மஞ்சள் நிறத்தாற் காட்டும். ஒரு மில்லிலீற்றரின் ஆயிரத்திலொரு பங்கை ஏந்தும் கம்பி வளையம் ஒன்றாற் சிறுநீரை இழுத்தால், மறுநாட் காணும் ஒவ்வொரு கொலனியும் ஆயிரத்தைக் குறிக்கும்; நூறு கொலனி இலட்சம். ஊடகத்தை 121 பாகையிற் பதினைந்து நிமிடம் நீராவி அமுக்கத்தில் வைக்க வேண்டும். நம் நாட்டு ஈரக் காற்றிலே, திறந்த ஊடகப் புட்டி சில மாதங்களிற் கல்லாகிவிடும். ஆகவே பெரிய புட்டி மலிவென்று வாங்குவது வீண்.

மருந்துக்குக் கிருமி அடங்குமா எனக் காணும் வட்டுச் சோதனையை முதல் ஆண்டிலே தொடங்க வேண்டாம் என்பது என் துணிபு. இதில் என் நண்பர் பலர் மாறுபடுவர். பாவரும் கேபியும் பிறரும் 1966இல் ஒழுங்குபடுத்திய அம்முறையில், ஊடகத்தின் தடிப்பு, கிருமிக் கலங்கலின் அடர்த்தி, வட்டுகளைக் குளிரிலும் உலர்விலும் காத்தல், மாதிரிக் கிருமியால் வாரந்தோறும் சரிபார்த்தல் ஆகிய யாவும் ஒருங்கே அமைதல் வேண்டும். ஒன்று பிழைப்பினும் வலயத்தின் அளவு பொய் சொல்லும். வைத்தியர் அப்பொய்யை நம்பி மருந்து கொடுப்பார். அதற்கு மாற்று உண்டு. சிறுநீர் வெயிலிற் பயணஞ் செய்யாது. ஆயின் சாய்வூடகத்திலே தூயதாக வளர்த்து இறுக மூடிய கிருமி பேருந்திலே நன்றாகப் பயணஞ் செய்யும். உளதா இலதா என்பதைச் சிற்றூர் கூறட்டும். எம்மருந்து என்பதைப் பெரிய வைத்தியசாலை கூறட்டும். ஓராண்டு கழிந்து கை பழகியபின் வட்டுக்கு வரலாம்.

போரிக்கமிலம் இட்ட போத்தல்களைக் கொடுத்து எல்லாவற்றையும் ஒரு மத்திய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் என்ன என்று கேட்பாருமுளர். நியாயமான கேள்வி. அவ்வமிலம் கிருமியின் எண்ணிக்கையை ஒருநாள் வரை பெருகாது நிறுத்தும். ஆயினும் குறித்த கோடுவரை நிரப்பாவிடின் அமிலம் மிகையாகி உள்ள கிருமியையும் அடக்கிவிடும்; மேலும் விடை வரும்போது தாய் ஊருக்குப் போய்விடுவாள். ஆய்வுகூட ஊழியர் ஒருவரேனும் இல்லாத இடத்துக்கு அது பொருந்தும். ஊழியர் உள்ள இடத்துக்கு அது குறைந்த வழி.

இறுதியாகப் பழைய மாணவ அன்பர்களிடம், சிறப்பாகக் கடல் கடந்து வாழ்வோரிடம், சிறிது கடுமையாகவே ஒன்று சொல்லல் வேண்டும். பெயர்ப்பலகை பொறித்து அன்பளிப்பாக வந்த சிறுநீர்ப் பகுப்பு இயந்திரம் ஒன்றை யான் அறிவேன். திறப்பு விழாவிலே மாலையும் பேச்சும் மிக்கிருந்தன. அதற்குரிய கீலங்கள் இந்நாட்டில் விற்கப்படவில்லை. எட்டு மாதத்தில் முடிந்தன. அதன்பின் அது மேசை மறைக்கும் பெட்டியாயிற்று; அதன்மேல் யாம் பதிவேடுகளை வைத்தோம். கொடுத்தவரின் உள்ளம் நல்லதே. ஆயினும் அப்பணத்திலே ஊடகப் பொடியும், போத்தல்களும், மின்தடைக்கு ஒரு மின்கலத் தொகுதியும், குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு வெப்பமானியும், ஆய்வுகூட ஊழியர் தங்க ஓர் அறையும் ஆண்டுக்காண்டு கிடைத்திருப்பின் எத்துணை நன்றாயிருந்திருக்கும்! ஊடகப் பொடிக்குப் பெயர்ப்பலகை இடுவார் இல்லை. எனவே அதனைக் கொடுப்பாரும் அரியர்.

சென்ற ஆண்டு அவ்வழியாற் போகும்போது அவ்வைத்தியசாலைக்குச் சென்றேன். எனக்குப்பின் வந்த பெண் ஊழியர் இப்பொழுது வட்டுச் சோதனையும் செய்கின்றார். இயந்திரம் பழைய இடத்திலேயே இருந்தது. கிளினிக்கின் மறைவிடக் கதவில் அதே கொளுக்கி. அதன் அருகே, போத்தலில் நேரம் எழுதுவதற்கென ஒரு பென்சில் நூலிற் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அது பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.