குற்றவாளி அடுப்படியில் இல்லை

“அடுப்பைப் பாவிக்கத் தெரியாத பெண்கள், வேறென்ன?” 2021 நவம்பரில் இலங்கையின் பல ஊர்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்துச் சிதறியபோது, நிலாவெளிச் சந்தித் தேநீர்க் கடையில் நான் கேட்ட தீர்ப்பு இது. சொன்னவர் கல்விமான். குழாய் பழையதாம், ரெகுலேற்றர் மட்டமானதாம், கவனம் போதாதாம். சிலிண்டரை நிரப்பியவனைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் பிறக்கவில்லை!

அதே ஆண்டு டிசம்பரில், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, வெடிப்புகளுக்குப் பிரதான காரணம் வாயுக் கலவையின் விகிதம் மாறியதே என்று அறிவித்தது. சமையல் வாயு என்பது புரொப்பேனும் பியூற்றேனும் கலந்தது. நமது வெப்ப நிலத்தில் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூற்றேனைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதன் பங்கைக் கூட்டினால் சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறும். பொருத்துகளில் கசிவு நேரும். இதை எந்தத் தாய் தன் அகப்பையால் அளந்து அறிவாள்? வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவை மூக்கு அறியவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அதுவும் போதிய அளவு இல்லாத வாயு அந்த டிசம்பரில் கப்பலேறி வந்து நிராகரிக்கப்பட்டதை நாடு கண்டது. உள்ளிருப்பதைச் சொல்லாமல் மாற்றிவிட்டு, அவளைப் பார்த்துக் கவனம் போதாது என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே வீட்டார் எதையும் அறியவேண்டியதில்லை என்று நான் வாதிடவில்லை. அறிவிக்காமல் விட்டவர் யார் என்றே கேட்கிறேன். நான் வாங்கிய அடுப்போடு வந்த துண்டுத்தாளில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. (தமிழில் பட்டம் பெற்றவன் அதைப் படிக்க அகராதியைப் புரட்டினான் என்றால் சிரிக்காதீர்கள்.) இந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாது, தரையில் தவழ்ந்து தேங்கும். மணம் தட்டினால் விளக்கின் ஆளியைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், ரெகுலேற்றரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். எங்கள் கரைக்கு வேறு தொல்லைகளும் உண்டு. ஆனி ஆடியில் கச்சான் காற்று சன்னல் வழியே பாய்ந்து சிறு தீயை அணைத்துவிடும். வாயு மட்டும் வந்துகொண்டேயிருக்கும். உப்புக் காற்று குழாயின் கவ்வியைத் துருவேற்றும். பொருத்தில் சவர்க்கார நீரைப் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். விற்பவன் இதை ஒரு தடவை செய்துகாட்டினால் அவன் இலாபம் கரைந்துவிடுமா?

சிக்கனத்தையும் அவளுக்கே உபதேசித்தார்கள். அரசு நிறுவனத்தின் 12.5 கிலோ சிலிண்டர் 2021 செப்டம்பரில் 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் முடிவில் 4,860 ரூபாய். அவளோ உபதேசத்துக்கு முன்பே கற்றிருந்தாள்: சுவாலை பானையின் அடியை மீறாமல் வைத்தாள், மூடி போட்டாள், கொதித்ததும் தீயைத் தணித்தாள், மஞ்சளாக எரிந்தால் அடுப்பின் துளைகளைத் துலக்கினாள். அப்படியும் கட்டாமல் பலர் விறகுக்கும் புகைக்கும் திரும்பினர்.

அந்தக் கல்விமானைச் சென்ற மாதம் மீண்டும் கண்டேன். “ஐயா, உங்கள் வீட்டு ரெகுலேற்றரை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும்?” என்று கேட்டேன். மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.