பழைய ஆர்எக்ஸ்100 வாங்கலாமா? இன்ஜினுக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க!

திருவண்ணாமலை செங்கம் ரோடு பக்கம் தெரிந்தவர் வீடு. கொட்டகை ஓரம், தார்ப்பாய்க்குள் ஒரு யமஹா ஆர்எக்ஸ்100. டயரில் காத்து இல்லை, டேங்கில் துரு, கிக்கர் இறங்கவே மாட்டேங்குது. “அப்பா ஓட்டினது தம்பி, சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோ” என்கிறார் வீட்டுக்காரர். வாங்கலாமா?

என் கருத்து இதுதான்: இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றால்கூட வாங்கலாம். ஆர்.சி. சிக்கலில் இருந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இன்ஜினுக்கு வைத்தியம் உண்டு

1985 முதல் 1996 வரை இங்கே தயாரான பைக் இது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். எளிமையான இன்ஜின். ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், கிராங்க்கைப் பிரித்து வேலை பார்க்கலாம், பெயிண்ட் அடிக்கலாம். எல்லாமே காசும் பொறுமையும் சார்ந்த விஷயம். ஒரிஜினல் பாகங்கள் கிடைப்பதுதான் கஷ்டம்; மார்க்கெட்டில் டூப்ளிகேட் நிறைய.

காகிதத்துக்கு?

திருவண்ணாமலை தனி மாவட்டமானதே 1989-ல்தான். அதற்கு முந்தைய பைக் என்றால், பதிவு பெரும்பாலும் வேலூரில் இருக்கும். பழைய ஆர்.சி. புத்தக விவரம் ஆன்லைனில் ஏறாமலும் இருக்கலாம். எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால், பதிவு செய்த ஆர்டிஓ ஆபீஸில் ரெக்கார்டு இருக்கிறதா என்று விசாரித்த பிறகே அட்வான்ஸ்.

அடுத்து, ஆர்.சி.யில் யார் பெயர்? “அப்பா ஓட்டினது” என்றால், அப்பா இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் படிவம் 29, 30-ல் கையெழுத்து. இல்லை என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, படிவம் 31 என்று வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் உங்களுக்கு விற்க வேண்டும். அந்த வேலையை விற்பவர் முடிக்கட்டும்.

அந்தக் காலத்தில் ஃபைனான்ஸில் எடுத்த வண்டியா? கடன் பதிவு இன்னும் ஆர்.சி.யில் நிற்கலாம். அதை நீக்க ஃபைனான்ஸ் கம்பெனியின் கையெழுத்து தேவை. அந்தக் கம்பெனியே இன்று இல்லை என்றால்? பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தேய்த்து மறுபடி பஞ்ச் செய்த மாதிரி தெரிந்தால், அங்கேயே கும்பிடு போட்டுக் கிளம்பிவிடுங்கள்.

“பெயர் மாத்தாமலே ஓட்டிக்கலாமே?”

கூடாது. பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள், ஆர்டிஓ ஆபீஸுக்கு அவரே முதலில் வந்து நிற்பார்.

பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கியது மத்திய அரசு. பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தனி. ‘விண்டேஜ்’ பதிவு வாங்கிக்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். அதற்கு 50 வயது ஆகணும். 1985-ல் வந்த முதல் ஆர்எக்ஸ்100-க்கே அது 2035-ல்தான்.

கடைசியாக, கணக்கு

மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டி, செலவை எழுதி வாங்குங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். அந்தத் தொகையை ஆறு மாதம் மறந்துவிட முடியுமா? தினமும் ஆபீஸ் போக வேறு வண்டி இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் தாராளமாக வாங்கலாம். வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்றால் புது பைக்தான் சரி. ஆர்எக்ஸ் ஆசையைத் தள்ளி வையுங்கள். விலை ஏறுதே, இப்போது வாங்கி அப்புறம் விற்கலாம் என்று இறங்குவதும் வேண்டாம். செலவழித்த காசு திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆனால் காகிதம் சுத்தமாக இருந்து, வேலை முடிந்து, உங்கள் பெயரில் ஆர்.சி. வந்துவிட்டால்? கூட்டமில்லாத ஒரு விடியற்காலை கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டரை மெதுவாகச் சுற்றி வாருங்கள். எந்தச் செக்கிங்கில் நிறுத்தினாலும் பயமில்லாமல் ஓட்டலாம்.