கோல் லைன் அருகே பந்தை நீட்டலாமா? எங்கள் குழுவின் நிலைப்பாடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பள்ளி அணிகளிலும் இளையோர் அணிகளிலும் அமெரிக்கக் கால்பந்து ஆடும் நம் பிள்ளைகள், ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில், அதாவது டவுன்களில், முதல் மூன்றில் கோல் லைனை நோக்கிப் பந்தை நீட்டக் கூடாது. நான்காவது டவுனிலும், கடிகாரம் இன்னொரு வாய்ப்புக்கு இடம் கொடுக்காத கடைசி விநாடிகளிலும் நீட்டலாம்; நீட்டத்தான் வேண்டும். இப்போது எந்தக் கட்டம் என்பதைப் பந்து நகர்வதற்கு முன்பே ஆட்டக்காரருக்குச் சொல்வது பயிற்சியாளரின் பொறுப்பு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பந்து நழுவிய பிறகு பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டுவதை எங்கள் குழு ஏற்காது.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரும், வார இறுதிகளில் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுப்பவர்களும் சேர்ந்த சிறு குழு இது. நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். ரன் அவுட்டிலிருந்து தப்ப, கிரீஸுக்குள் மட்டையை நீட்டிக்கொண்டு பாய்வது நமக்கு ஊறிப்போன காட்சி. பிள்ளை கோட்டை நெருங்கியதுமே கேலரியிலிருந்து “நீட்டுடா, நீட்டு!” என்று குரல் கிளம்புவதற்கு அதுதான் காரணம். கிரிக்கெட்டில் மட்டையை நீட்டி எட்டவில்லை என்றால் அந்த ஒருவர் அவுட், அவ்வளவுதான். இங்கே நீட்டுவது பந்தையே. அது போனால் அதுவரை மொத்த அணியும் முட்டி மோதிச் சேர்த்த யார்டுகள் அத்தனையும் போச்சு.

விதி ஆசை காட்டும் விதமாகத்தான் இருக்கிறது. ஆள் கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை. அவர் பிடியில் இருக்கும் பந்தின் முனை, கோட்டுக்கு நேர் மேலே காற்றில் தொட்டாலே 6 புள்ளி. அந்த நொடியிலேயே ஆட்டம் நின்றுவிடும். அடுத்த நொடி பந்து கையை விட்டுப் போனாலும் பாதகமில்லை. ஆனால் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் நழுவி, பந்து கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஜோனுக்குள் உருண்டு எல்லைக்கு வெளியே போனால் அது டச்பேக். எதிரணி தன் 20 யார்டு கோட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும். மைதானத்தின் வேறு எந்த இடத்திலும் நழுவிய பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால், நழுவவிட்ட அணியிடமே அது இருக்கும். இங்கே மட்டும் இப்படி. இந்த விதி கொடுமையானது என்று எங்களில் சிலரே சொல்கிறார்கள். மாற்றினால் வருத்தப்பட மாட்டோம். மாற்றும்வரை, இருக்கிற விதிக்குத்தான் பிள்ளைகளைத் தயார் செய்ய முடியும்.

2023 ஜனவரி 15, சின்சினாட்டி. பெங்கால்ஸ் அணிக்கும் பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கும் பிளே ஆஃப் ஆட்டம். நான்காவது கால்பகுதி, ஸ்கோர் 17-17. மூன்றாவது டவுன், ரேவன்ஸுக்குக் கோடு ஒரே யார்டு தூரத்தில். குவார்ட்டர்பேக் டைலர் ஹன்ட்லி கூட்டத்தின் மேலே எழும்பிப் பந்தைக் கோட்டை நோக்கி நீட்டினார். பெங்கால்ஸின் லோகன் வில்சன் அதைத் தட்டிவிட்டார். பந்து நேராக அதே அணியின் சாம் ஹப்பர்டின் கையில் போய் விழ, அவர் 98 யார்டு ஓடி மறுமுனையில் டச் டவுன் போட்டார். பெங்கால்ஸ் 24-17 என வென்றது. ஹன்ட்லி அங்கேயே குனிந்து முட்டி, கோட்டை எட்டாமல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்காவது டவுனில் இன்னொரு முயற்சி இருந்தது. அல்லது சுலபமான ஃபீல்டு கோல் அடித்து 3 புள்ளி முன்னிலை பெற்றிருக்கலாம். நாங்கள் பெற்றோர் கூட்டங்களில் இந்த ஒரு காட்சியைத்தான் போட்டுக் காட்டுகிறோம். வேறு பேச்சு அதிகம் தேவைப்படுவதில்லை.

2017 டிசம்பர் 17-ஐயும் சொல்ல வேண்டும். டல்லாஸ் கவ்பாய்ஸை எதிர்த்து ஆடிய ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 3 புள்ளி பின்தங்கியிருந்தது. மீதம் 31 விநாடி. குவார்ட்டர்பேக் டெரெக் கார் எண்ட் ஜோனின் மூலையில் நிற்கும் ஆரஞ்சு நிறப் பைலானை நோக்கிப் பாய்ந்து பந்தை நீட்டினார். பந்து நழுவி எண்ட் ஜோன் வழியே வெளியேற, 20-17 என்று ஆட்டம் முடிந்தது. ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்யக் கைக்கெட்டும் தூரத்தில் அவர்கள் இருந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பைலான் தனி ஆபத்து. அதை எட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரே கைதான். உடம்பும் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். இடிப்பவர் உள்பக்கத்திலிருந்து முழு வேகத்தில் வருவார். 2023 செப்டம்பரில் மினசோட்டா வைக்கிங்ஸின் ஜஸ்டின் ஜெஃபர்சன், ஃபிலடெல்ஃபியாவில் முதல் பாதி முடியும் தறுவாயில் இப்படித்தான் பந்தை விட்டார். அவரைவிடக் கை தேர்ந்த ரிசீவரை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். டச்பேக்கில் பந்தைப் பெற்ற ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், பாதி முடிவதற்குள் 61 யார்டு ஃபீல்டு கோலும் அடித்துவிட்டது. ஜெஃபர்சன் பேசாமல் எல்லைக்கு வெளியே ஓடியிருந்தால் வைக்கிங்ஸுக்குக் கோட்டின் ஓரத்திலேயே பந்து கிடைத்திருக்கும். அடுத்த ஜனவரியில் ரேவன்ஸின் ஜே ஃபிளவர்ஸும் கோட்டருகே பந்தை நீட்டி இழந்தார். எதிரணியான கான்சஸ் சிட்டி 17-10 என வென்று சூப்பர் பவுலுக்குப் போனது.

நீட்டி ஜெயித்தவர்களும் உண்டு, மறைக்கவில்லை. 2016 கிறிஸ்துமஸ் அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் அன்டோனியோ பிரவுன், இரண்டு தடுப்பாளர்கள் பிடித்து இழுத்தும், பந்தைக் கோட்டுக்கு மேல் நீட்டி 9 விநாடி மீதமிருக்க வெற்றி தேடித் தந்தார். 31-27, அந்த வெற்றியோடு பிரிவுப் பட்டமும் கிடைத்தது. இது எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிரான சாட்சி அல்ல. அவர் கோட்டுக்கு இப்பால் விழுந்திருந்தால் கடிகாரமே ஆட்டத்தை முடித்திருக்கக்கூடும். நீட்டாவிட்டால் இழப்பு, நீட்டி நழுவினாலும் இழப்பு என்றால் நீட்டுவதே சரி. அந்தக் கணக்கு முதல் டவுனில் பொருந்தாது.

குழுவுக்குள் அதிகம் வாதிட்டது, குவார்ட்டர்பேக் தானே பந்தோடு முன்னால் பாயும் ஸ்னீக்கைப் பற்றித்தான். நியூ ஆர்லியன்ஸின் டிரூ பிரீஸ் கூட்டத்துக்கு மேல் எழும்பி, பந்தை ஒரு கணம் கோட்டைத் தாண்டி நீட்டிவிட்டுச் சட்டென்று பின்னிழுப்பதை ஒரு கலையாகவே வைத்திருந்தார். அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்பதே பெரும்பான்மையின் முடிவு. பிரீஸின் கைப்பிடியும் நேரக் கணிப்பும் பல்லாண்டு உழைப்பில் வந்தவை. பதினாலு வயதுப் பிள்ளைக்கு உள்ளங்கை அளவே இன்னும் முழுதாக வளரவில்லை. பந்தை மார்போடு அணைக்கும்போது விரல்கள், உள்ளங்கை, முன்கை, மேற்கை, மார்பு என ஐந்து இடங்களில் அது அழுந்தியிருக்கும். கையை நீட்டியதும் விரல்களும் உள்ளங்கையும்தான் மிச்சம். எதிராளியின் ஒரு குத்து போதும்.

காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றில் இருப்பவருக்கு விழும்போது ஊன்றக் கை இல்லை. தலையும் விலாவும் திறந்து கிடக்கும். 2021 ஜனவரியில் கிளீவ்லண்ட் பிரவுன்ஸின் ரஷார்ட் ஹிக்கின்ஸ் கோட்டை நோக்கிப் பாய்ந்து பந்தை நீட்டியபோது எதிராளியின் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மோதியது. அதற்கு அபராதம் கொடுக்கப்படவில்லை. பந்து டச்பேக்காகக் கான்சஸ் சிட்டிக்குப் போனது. 22-17 என்று தோற்றார்கள். ஆட்டம் போனால் அடுத்த ஆண்டு உண்டு. பிள்ளையின் கழுத்துக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது.

எங்கள் பயிற்சியாளர்கள் இந்தப் பருவத்திலிருந்து செய்யப்போவது இது. கோட்டருகே நடக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் டவுன் எண்ணை உரக்கச் சொல்வார்கள். பந்தை ஏந்துபவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பந்து நகரும். மூன்று வரை என்றால் இரண்டு கையும் பந்தின் மேல், தோள் தாழ்ந்து, கால் ஓட்டம் நிற்காமல். நான்கு என்றால் நீட்டும் பயிற்சியும் உண்டு. அதையும் பழக்காமல் விட்டால் தேவைப்படும் நாளில் தப்பாகவே நீட்டுவார்கள். நீட்டும்போதும் இரண்டு கையால்தான். விழுந்துகொண்டே பந்தைப் பிடிக்கும் ரிசீவர், பிடி உறுதியாகும்வரை கோட்டை நினைக்கவே வேண்டாம்.

ஃபிளாக் கால்பந்து ஆடும் குழந்தைகளுக்கு இது பொருந்தாது. அங்கே பந்து தரையில் விழுந்ததும் ஆட்டம் நின்றுவிடும். நழுவிய பந்தை எதிராளி எடுத்துக்கொண்டு ஓட முடியாது. ஸ்னீக் விஷயத்தில் எங்களோடு ஒத்துப்போகாத பயிற்சியாளர்கள் தங்கள் காரணங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பருவம் முடிந்ததும் ஆட்டங்களின் பதிவுகளை வைத்துக்கொண்டு அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்பவும் பேசுவோம். அதுவரை பெற்றோர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கேலரியிலிருந்து கத்துவதாக இருந்தால் “ரெண்டு கை!” என்று கத்துங்கள்.