வரி உடுப்பும் எங்கட பிள்ளையளும்

நவம்பர் 27 வந்தால் லண்டனில் யாராவது ஒருத்தர் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வரிச்சீருடை தைத்துப் போட்டு மேடையில் ஏற்றிவிடுகினம். எனக்கு இது துளியும் பிடிக்கேல்லை. துரோகி எண்டு திட்டப் போறவை தாராளமாய்த் திட்டலாம்.

ஊரில் உடுப்பைப் பார்த்துத்தான் நாங்கள் ஓடினது. 1987இல் வந்த இந்திய ஆமிக்கு ஒரே பச்சை. இலங்கை ஆமிக்குப் பச்சையும் மண்ணிறமும் கலந்தது. இயக்கத்துக்கு வரி, கடற்புலிக்கு நீல வரி. தூரத்தில் தெரியிற துணியின்ர நிறத்தில் உயிர் தொங்கிக்கொண்டு நிண்ட காலம் அது.

2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணிக் குழாய்க்குக் கிடங்கு வெட்டேக்க எலும்புகள் வந்தன. 2024 ஜூலை வரை தோண்டி 52 பேரை எடுத்திருக்கினம். பெண் போராளிகளாக இருக்கலாம் எண்டு முதலில் சொல்ல வைத்தது கூடக் கிடந்த உடுப்புகள்தான். பிள்ளையைத் தேடுற ஒரு தாய்க்கு அந்தக் கந்தல் சாட்சிப்பொருள். அதை நாங்கள் மாறுவேடப் போட்டிக்குப் போடுற மாதிரிப் போட்டுப் படம் எடுக்கிறோம்.

சட்டத்தையும் யோசியுங்கோ. 2001இலிருந்து பிரித்தானியாவில் இயக்கத்துக்குத் தடை. 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் உடுப்பும் அடக்கம்.

பிள்ளையின்ர கையில் ஒரு கார்த்திகைப்பூவைக் குடுங்கோ. வீட்டை வந்து கொக்குத்தொடுவாய் எங்க இருக்கு எண்டு வரைபடத்தில் காட்டுங்கோ.