மண் போனது தலைவிதியா?

விவசாயத்தைப் புகழுகிறவர்களுக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை. உழுகிறவனைத் தெய்வத்துக்குச் சமானமாகச் சொல்லிவிட்டு, அவன் காலடியிலிருந்து மண் போவதைப் பற்றி வாய் திறவாமலிருப்பதுதான் இந்தப் புகழ்ச்சியின் யோக்கியதை. படித்த வாலிபர்களோ மண்ணைத் தொடுவதைப் படிப்புக்குக் குறைவென்று நினைக்கிறார்கள். மண்ணைக் காப்பாற்றுவதையே உத்தியோகமாகக் கொண்டு, அதற்காகச் சர்க்காரோடும் வாதாடிய ஒருவரைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில் வட கரோலினாவில், பருத்தி பயிரிடும் குடும்பத்தில் 1881-ல் பிறந்தவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். 1903-ல் சர்க்கார் மண் இலாகாவில் சேர்ந்தார். 1905-ல் வர்ஜீனியாவிலுள்ள லூயிசா ஜில்லாவில் நிலங்களைப் பரிசோதிக்கையில், காட்டு மண் பொலபொலவென்றும், அதையடுத்த உழுத சரிவு நிலம் கட்டாந்தரையாயும் இருக்கக் கண்டார். ஒவ்வொரு மழையும் மேல் மண்ணைக் கண்ணுக்குத் தெரியாமல் ஏடு ஏடாக உரித்துப்போகிறது என்பதை அறிந்தார். அவருடைய இலாகாவோ 1909-ல், மண் அழியாத சொத்து, எடுக்க எடுக்கத் தீராது என்று அச்சிட்டு வெளியிட்டது! மேலதிகாரிகள் சொன்னால் சரியாய்த்தானிருக்கும் என்று பென்னட் சும்மா இருந்துவிடவில்லை. மண் அரிப்பு தேசத்துக்கே ஆபத்து என்று 1928-ல் எழுதி, அதையும் சர்க்கார் வெளியீடாகவே வரச் செய்தார்.

1930-களில் கான்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ் பக்கங்களில் புழுதிப் புயல் கிளம்பிப் பகலை இருட்டாக்கியது. ஜனங்கள் மழைக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். மழை வருவிப்பதாகச் சொன்னவனுக்குப் பணமும் கொடுத்தார்கள். மழை பொய்த்தது வாஸ்தவம். ஆனால் மழை பொய்ப்பது அந்தச் சமவெளிக்குப் புதிதல்ல; மண்ணை வேரால் பிடித்திருந்த புல்லை லட்சக்கணக்கான ஏக்கரில் புரட்டிக் கோதுமை விதைத்ததுதான் புதிது. முதல் உலக யுத்தத்தில் விலை ஏறியதால் உழுதார்கள். பிறகு விலை விழுந்தபோது கடனைக் கட்ட இன்னும் அதிகமாய் உழுதார்கள். இதில் கடவுளுக்கு என்ன வேலை?

1935-ல் பென்னட் செனட் கமிட்டி முன்பு பேசிக்கொண்டிருக்கையில், மேற்கேயிருந்து வந்த புழுதி வாஷிங்டன் வானத்தையே மறைத்தது என்றும், அவர் ஜன்னலைக் காட்டி வாதாடினார் என்றும் சொல்லுவார்கள். இதை அற்புதமென்று யாரும் கற்பூரம் கொளுத்த வேண்டாம். புழுதி எதுவரை வந்திருக்கிறதென்று அவர் முன்னமே விசாரித்து வைத்திருந்தாராம். அவ்வருஷம் ஏப்ரல் 27-ல் மண் பாதுகாப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதன்படி ஏற்பட்ட இலாகாவுக்கு அவரே 1951 வரை தலைவராயிருந்தார். சரிவுக்குக் குறுக்கே உழுவது, படிப்படியாய் வரப்பு போடுவது, பயிரை மாற்றுவது, தரிசில் புல் விதைப்பது ஆகியவற்றை விவசாயிகளின் நிலத்திலேயே செய்து காட்டினார்கள். 1937 முதல் விவசாயிகளே ஓட்டுப்போட்டு அமைக்கும் மண் பாதுகாப்பு வட்டாரங்களும் தோன்றின.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட நமக்கு இஷ்டமில்லை. தென் மாகாணங்களில் பருத்தி நிலத்தை உழுதவர்களில் ஏராளமானோர் வாரக்குடிகள். அவர்களில் கறுப்பர்கள் அநேகர். வருஷக் கடைசியில் மூட்டை கட்டச் சொல்லப்படுகிறவன், பத்து வருஷம் கழித்துப் பலன் தரும் வரப்பை எதற்காகப் போடுவான்? அதை அவனுடைய அறியாமை என்று சொல்லுவது அக்கிரமமல்லவா? பருத்திச் சாகுபடியைக் குறைப்பதற்காக 1933 முதல் சர்க்கார் கொடுத்த பணத்தில் பெரும் பங்கு நிலச் சொந்தக்காரர்கள் கைக்கே போயிற்று. வாரக்குடிகள் பலர் குடிசையை விட்டுத் துரத்தப்பட்டார்கள்.