பழைய விமானமும் பழைய ஜீப்பும்

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டை? கட்டாயம் பார்க்க வேண்டும். ஆகாய விமானத்துக்கும் இதுவே நியாயம்!

கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் யுத்த காலத்தில் விமான ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் 1945-ல் முடிந்தது. உபரி டகோட்டா விமானங்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. இந்தியக் கம்பெனிகள் போட்டி போட்டு வாங்கின. ஆனால் பெட்ரோல், ரிப்பேர், சம்பளம் என்று செலவு ஏறியது. பிரயாணிகள் போதவில்லை. சில கம்பெனிகள் மூடப்பட்டன. 1953-ல் எட்டு உள்நாட்டுக் கம்பெனிகளை அரசாங்கம் ஒன்றாக இணைத்தது.

இன்று பழைய ஜெட் விமானம் வாங்கும் கோடீஸ்வரருக்கும் இதே பாடம்தான். வர்ணம் முக்கியமல்ல. எத்தனை மணி பறந்தது, எத்தனை முறை இறங்கியது என்று பதிவுப் புத்தகம் சொல்லும்.

கல்வராயன் மலைக்கு ஓட்டப் பழைய ஜீப் வாங்கும் நண்பரே! மனைவியின் நகையை அடகு வைக்குமுன் எஞ்சினைத் திறந்து பாருங்கள். ஒரு வருஷச் செலவையும் கூட்டிப் பாருங்கள். விலை ஒரு நாள் கொடுப்பது. பராமரிப்போ தினமும் கொடுப்பது!