நாபோத்தைக் கொன்றவர்கள்

இஸ்ரவேல் மக்கள் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்டபோது சாமுவேல் தீர்க்கதரிசி எச்சரித்தார். ராஜா வந்தால் பிள்ளைகளைப் படைக்கு இழுப்பான், நல்ல வயல்களைப் பிடுங்குவான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கேட்பான் என்றார். கிறிஸ்தவச் சுதந்திரவாதிகள் அதிகம் எடுத்துக்காட்டும் பகுதி இது. மனிதன் கடவுளின் சாயல். அவன் மனசாட்சியிலும் உழைப்பின் பலனிலும் அரசு கைவைக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் செய்யும் உதவி குடும்பம், சபை, அக்கம்பக்கம் வழியாக மனமுவந்து வர வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

நம்மூருக்கு இது புதிய பேச்சு அல்ல. 1959இல் காங்கிரஸின் நாக்பூர் மாநாடு கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டதும் ராஜாஜி சுதந்திராக் கட்சி கண்டார். அதன் முன்னணியில் நின்றவர் கத்தோலிக்க அறிஞர் மரியதாஸ் ரத்தினசாமி. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வேறு வழி போனவர். இயேசுவின் போதனையிலிருந்து கிராமப் பொருளாதாரத்தைப் பேசிய அவர், பெரிய அரசைப் போலவே பெரிய ஆலையையும் நம்பவில்லை. அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் மனிதன் சிறுத்துப்போவான் என்ற இவர்களின் அச்சம் எனக்கும் உண்டு.

ஆனால் தனிமனிதனுக்கும் அரசுக்கும் நடுவே ஊர் என்று ஒன்று இருக்கிறது. அது எப்போதும் மனமுவந்து சேர்ந்த கூட்டமாக இருந்ததில்லை.

செங்கல்பட்டுச் சீமையின் கதை இதற்குச் சாட்சி. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780இல் ஹைதர், திப்பு படைகளிடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி படை அழிந்தது. மறு ஆண்டும் அங்கே போர் நடந்தது. அந்தப் போர்க்காலம் சீமையைப் பாழாக்கியது. பிறகு கம்பெனி அதிகாரிகள் நிலம் யாருடையது என்று விசாரித்துக் கணக்கெழுதியபோது ஊரின் உரிமையாளர்களாகப் பதிவானவர்கள் மிராசு எனும் பரம்பரை நில உரிமை கொண்ட பங்காளிகள். தலைமுறையாக அவர்களுக்கு ஏர் பிடித்த படியாள் எனும் பண்ணைக் கூலிக்கு அந்தக் கணக்கில் பங்கு இல்லை. இன்று நாம் ஆசையோடு ‘கிராம சமுதாயம்’ என்கிறோமே, அதன் உறுப்பினர் பட்டியல் அவ்வளவுதான்.

புள்ளலூரும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நூறாண்டு கழித்து மிஷனரிகள் வந்தார்கள். ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி இருவரும் தனி ஆத்துமாவின் மீட்பைப் பேச வந்தவர்கள். பறையர் குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. ஆனால் அவர்களின் குடிசை நின்ற மனையும் பல ஊர்களில் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடியிருப்பே போய்விடும். தரிசு நிலம் கேட்டு அரசுக்குத் தர்க்காஸ்து மனு போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்கே. மனசாட்சி கிறிஸ்துவுக்குச் சொந்தம், காலுக்குக் கீழிருந்த மண் மிராசுதாருக்குச் சொந்தம் என்ற நிலையில் அந்த மனசாட்சியால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

அதனால்தான் மிஷனரிகள் அரசின் கதவைத் தட்டினார்கள். கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் அறிக்கை எழுதி, பறையர்களுக்குக் குடியிருப்பு மனையும் விளைநிலமும் வேண்டும் என்றார். வருவாய் வாரியம் மறுத்து நின்றது. எசமானுக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள பழைய வழக்கத்தில் அரசு தலையிட வேண்டாம் என்பது அதன் போக்கு. அரசே தலையிடாதே என்ற குரல் அன்று யாருக்குக் காவலாக நின்றது என்பதைச் சுதந்திரவாதிகள் நேராகப் பார்க்க வேண்டும். இருந்தும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க 1892 செப்டம்பர் 30 அன்று ஆணை வந்தது. அப்படித்தான் பஞ்சமி நிலம் பிறந்தது. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. சொத்துரிமைக்குப் போட்ட விலங்கு என்று இதைச் சொல்லலாம். கடனுக்கு எழுதி வாங்கும் கை பக்கத்து வீட்டிலேயே இருக்கும்போது, அந்த விலங்குதான் சொத்தைச் சொத்தாக வைத்திருந்தது என்பேன்.

சுதந்திரவாதிகளுக்குப் பிடித்த இன்னொரு கதை நாபோத்தின் திராட்சைத் தோட்டம். ஆகாப் ராஜா கேட்டான், பிதாக்களின் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத், செத்தான். அரசின் பேராசைக்குப் பாடம் என்று இதைச் சொல்வார்கள். அதே அதிகாரத்தைத் தொடர்ந்து படியுங்கள். ராணி யேசபேல் முத்திரை போட்டு நிருபம் அனுப்பியது படைத்தலைவனுக்கு அல்ல, நாபோத்தின் ஊர் மூப்பர்களுக்கு. அவர்கள்தான் உபவாசம் கூறினார்கள், சபையைக் கூட்டினார்கள், பொய்ச் சாட்சிகளை உட்கார வைத்தார்கள். ஊர்க்காரர்களே கல்லெறிந்தார்கள். ஆகாப் ஆசைப்பட்டான், கொன்றது ஊர்.

அரசு மீட்பர் என்று நான் சொல்லவில்லை. பஞ்சமி நிலங்கள் ஏராளமாகக் கைமாறிப்போனது அரசு அலுவலகங்களின் கண் முன்னேதான். காரணை ஊரின் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். திருச்சபையும் தூய்மையானதல்ல. வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910 வரை நின்றது.

அரசை நம்பாத கிறிஸ்தவர்கள் கையிலெடுக்க வேண்டிய வழக்கு ஒன்று கண்முன் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டியது. முதலில் இந்துக்கள், 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர். அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற ஆதிதிராவிடர் அதே காலனியில்தான் இருக்கிறார், ஊர் அவரை அதே கண்ணோடுதான் பார்க்கிறது. தாலுகா அலுவலகம் மட்டும் அவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றிவிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் போய்விடுகிறது. மனசாட்சியைப் பின்பற்றியதற்கு அரசு போடும் அபராதம் இது. வரியையும் மானியத்தையும் பற்றிப் பேசும் முன் சுதந்திரவாதிகள் இந்தப் பத்தியை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சாதி பார்த்துப் பிரித்த தங்கள் கல்லறைத் தோட்டங்களையும் அதற்கு முன்பே ஒன்றாக்கிவிட வேண்டும்.